பழைய இரும்புக்கடைத் தகட்டில் காந்தம் நிற்பது எப்படி?

கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். வகுப்பறைக்கு ஒரு காந்த வெள்ளைப்பலகையைக் குறைந்த செலவில் தாமே செய்ய எண்ணி, பழைய இரும்புக்கடையில் பளபளப்பான எவர்சில்வர் தகடு ஒன்றை எடைபோட்டு வாங்கியிருக்கிறார். அதில் காந்தம் ஒட்டவே இல்லை. பிறகு எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்துப் பார்த்திருக்கிறார்; அதில் ஒட்டிய காந்தம், சில தாள்களைச் செருகியதும் வழுக்கி இறங்கிவிட்டது. வலிமை மிகுந்த நியோடிமியம் காந்தம் வாங்கி வைத்தும் எதிர்பார்த்த பிடி கிடைக்கவில்லை. குறை தகட்டிலா, காந்தத்திலா என்று கேட்கிறார்.

எவர்சில்வரின் கதையை முதலில் முடித்துவிடலாம். பாத்திரங்களுக்கு மிகுதியாகப் பயன்படும் 304 என்ற வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி இரும்புதான். ஆயினும் நிக்கல் சேர்வதால் அணுக்கள் முகப்பு மையக் கனசதுரமாக, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருக்குமாறு, அடுக்கப்படுகின்றன. அந்த அடுக்கில், அண்டை அணுக்களின் நுண்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதில்லை. நிக்கல் இல்லாமல் ஏறத்தாழ 17 விழுக்காடு குரோமியம் மட்டும் கொண்ட 430 வகையில், சாதாரண இரும்பில் உள்ளது போன்ற பொருள் மையக் கனசதுர அடுக்கு (மூலைகளிலும் கனசதுரத்தின் நட்டநடுவிலும் அணுக்கள்) அமைவதால், காந்தம் நன்றாகவே ஒட்டும். எனவே, காந்தம் ஒட்டினால் அது போலி எவர்சில்வர் என்று கடைகளில் சொல்லப்படுவது சரியன்று. இரண்டும் துருப்பிடிக்காத எஃகு வகைகளே. இரும்பு இருந்தால் மட்டும் போதாது, அதன் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதே முக்கியம் என்பதை இது காட்டுகிறது. இதை உணர்ந்தவர்கள், இரத்தத்திலுள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்ற விளம்பரத்தை நம்பிக் காந்த வளையலுக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள். ஹீமோகுளோபினில் இரும்பு அணுக்கள் தனித்தனியே புரதத்துக்குள் பொதிந்திருக்கின்றன, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்துக்குள் படுத்து எழுந்தாலும் யாருடைய இரத்தமும் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை.

இனி டின் தகரத்துக்கு வருவோம். கேள்வியின் சுவையே இங்குதான் இருக்கிறது.

சுவரில் நிற்கும் பலகையில் காந்தம் இழுப்பது சுவரை நோக்கி; தாளின் எடை இழுப்பது கீழ்நோக்கி. தாளைத் தாங்குவது உராய்வே. 20 மி.மீ. விட்டமுள்ள, கறுப்பு நிறச் சாதாரண ஃபெரைட் வட்டு ஒன்றின் முகத்தில் சராசரியாக 0.1 டெஸ்லா புலம் இருப்பதாகக் கொண்டால், இழுவிசை ஏறத்தாழ 125 கிராம் எடைக்குச் சமம். உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் வழுக்கலைத் தடுக்கும் பங்கு, 0.2 என்றால், கீழ்நோக்கித் தாங்கக்கூடியது 25 கிராம்தான். அதில் காந்தத்தின் சொந்த எடை 5 கிராம் அளவுக்குப் போய்விடும். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம் என்பதால், நான்கு தாளோடு கணக்கு முடிகிறது. தாள்கள் இடையே புகுவதால் காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடி, அந்த நான்கும் உண்மையில் நிற்பதில்லை.

இழுவிசை புலத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், புலம் நான்கு மடங்கானால் பிடி பதினாறு மடங்காக வேண்டும். ஆசிரியை நியோடிமியத்தை நாடியது இயல்பான முடிவே. ஆனால் காந்தத்தின் முகத்திலிருந்து தகட்டுக்குள் நுழையும் பாயம், அதாவது காந்தப்புலக் கோடுகளின் தொகுதி, அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது தகட்டுக்குள் பக்கவாட்டில் திரும்பி, எல்லாத் திசைகளிலும் பரவி, சுற்றிவந்து காந்தத்தின் மறுமுனையை அடைய வேண்டும். நுழையும் வாசல் 20 மி.மீ. வட்டத்தின் முழுப் பரப்பு. வெளியேறும் வழியோ, அவ்வட்டத்தின் சுற்றளவைத் தகட்டின் தடிமனால் பெருக்கினால் வரும் மெல்லிய வளையம் மட்டுமே. மதகில் வரும் நீர் முழுவதும் ஒரு குறுகிய வாய்க்காலில் திரும்ப வேண்டியிருப்பதைப் போன்ற நிலை இது. கணக்கிட்டால், தகட்டுக்குள் ஏற்படும் பாய அடர்த்தி, முகப்புப் புலத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது.

இரும்பால் ஏற்க முடிந்த அடர்த்திக்கு ஓர் எல்லை உண்டு. 1907இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் முன்வைத்த கருத்தின்படி, இரும்புக்குள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் காந்தமாகியிருக்கும் நுண்பகுதிகள், அதாவது டொமைன்கள், உள்ளன. வெளிப்புலம் நெருங்கும்போது அதற்கு இசைவான பகுதிகள் விரிந்து மற்றவற்றை விழுங்குகின்றன. வலுவான புலத்தில் எஞ்சியவையும் அதே திசைக்குத் திரும்புகின்றன. எல்லாம் திரும்பிய பிறகு இரும்பிடம் கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. தூய இரும்பில் இந்தத் தெவிட்டு நிலை ஏறத்தாழ 2.15 டெஸ்லாவில் வருகிறது. கணக்கின் எளிமைக்கு 2 என்றே கொள்வோம்.

எண்ணெய் டின் தகரத்தின் தடிமனை 0.25 மி.மீ. எனக் கொண்டால், மேற்சொன்ன ஃபெரைட் வட்டுக்கே அதனுள் 2 டெஸ்லா வந்துவிடுகிறது; தகரம் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. 0.4 டெஸ்லா நியோடிமியம் வட்டைத் தாங்க 8 டெஸ்லா வேண்டும். இரும்பில் அது நடக்காது. மிஞ்சிய பாயம் தகரத்தைத் துளைத்துக்கொண்டு பின்புறக் காற்றில் கசிகிறது. ஆசிரியையின் காந்தத்தில் குறையில்லை, அது தரும் பாயத்தைத் திருப்பி அனுப்பும் அளவு இரும்பு தகரத்தில் இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தகரத்தின் முன்பக்கம் நியோடிமியம் வட்டை வைத்து, நேர் பின்னால் ஒரு குண்டூசியைக் கொண்டுபோனால், இடையில் தகரமே இல்லாதது போல ஊசி தாவி ஒட்டிக்கொள்ளும். ஊசியை எடுத்துவிட்டு, தகரத்தின் பின்னால் மேலும் மூன்று துண்டுகளை இடைவெளியின்றி அடுக்கி, கடைசித் துண்டின் பின்னால் ஊசியை வைத்தால், அது ஒட்டுவதே அரிதாகிவிடும். முன்பக்கம் காந்தத்தைப் பிடுங்குவதோ கடினமாகியிருக்கும். பின்னால் வீணாகக் கசிந்தது இப்போது இரும்புக்குள் ஓடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையாலேயே செய்யக்கூடிய இச்சோதனையைக் காட்ட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பள்ளி ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி இத்தகைய எளிய பொருள்களுக்காக ஆசிரியர் கையிலேயே தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தகட்டைத் தடிமனாக்காமலும் வழி உண்டு. சூத்திரத்தில் விட்டம் மேலே இருக்கிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் தேவையான தடிமனும் பாதியாகும். ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, முனைகள் மாறிமாறி அமைந்த பல சிறிய காந்தங்களை வைத்தால், ஒன்றிலிருந்து நுழையும் பாயம் பக்கத்திலிருப்பதன் வழியே உடனே வெளியேறிவிடும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் ரப்பர் காந்தங்கள் செய்யப்படுவது இப்படித்தான்: ஓரிரு மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வடக்கும் தெற்கும் மாறிமாறிப் பதிக்கப்பட்டிருக்கும். இரண்டு ரப்பர் காந்தங்களை முகத்தோடு முகம் வைத்து மெல்ல இழுத்தால், ஒரு திசையில் வழுவழுப்பாக நகரும்; அதற்குக் குறுக்குத் திசையில் படிப்படியாகத் தடுக்கித் தடுக்கி நகரும். விரலில் உணரப்படும் அந்த ஒவ்வொரு தடுக்கலும் ஒரு பட்டையைக் கடப்பதே. 2 மி.மீ. பட்டை 0.1 டெஸ்லா தந்தாலும் 0.05 மி.மீ. இரும்பு அதற்குப் போதும். டின் தகரம் தாராளம்.

இதற்கு விலையும் உண்டு. பாயம் குறுகிய வளைவில் திரும்பிவிடுவதால் அது தொலைவு எட்டுவதில்லை. அதே 2 மி.மீ. பட்டைக்கு முன்னால் ஐந்து தாள்கள், அதாவது அரை மில்லிமீட்டர், வந்தாலே இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எழுத்து அட்டைகளின் பின்னால் நேரடியாக ஒட்ட ரப்பர் காந்தமே சிறந்தது. தாள் கற்றையைப் பிடிக்க அது உதவாது.

ஆகவே ஆசிரியைக்கு என் பரிந்துரை, பழைய குளிர்பதனப் பெட்டியின் கதவு. காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் பூசிய எஃகுத் தகடாக இருந்தால், 10 மி.மீ. நியோடிமியம் வட்டுக்கு அரை மில்லிமீட்டர் தடிமனே போதும். கீல் திருகுகளைக் கழற்றிக் கதவை மட்டும் எடுக்க வேண்டும். வாயு ஓடும் குழாய்களைத் தொடக் கூடாது. பழைய பீரோக் கதவும் கணினிப் பெட்டியின் பக்கத் தகடும் கூடப் பயன்படும். வெட்டிய ஓரங்களை அரத்தால் ராவி, அலுமினிய பீடிங் பொருத்திய பிறகே பிள்ளைகள் தொட விட வேண்டும். நியோடிமியம் துண்டுகளைத் தொடக்கப்பள்ளி வகுப்பில் வெளியே வைக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளை நசுக்கித் துளையிட்டுவிடும்.

எழுதும் பரப்பைப் பொறுத்தவரை, ஒயிட்போர்டு மார்க்கர் மையில் நிறமியோடு பரப்பில் பற்றவிடாத எண்ணெய்ப்பசையான பொருளும் கலந்திருக்கிறது; ஆல்கஹால் ஆவியானதும் மை ஒரு மெல்லிய ஏடாக மேலேயே தங்குகிறது. பரப்பில் நுண்துளையோ கீறலோ இருந்தால் நிறமி அதற்குள் இறங்கிவிடும். தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பெயின்ட் வழுவழுப்பாக இருப்பதால் அழிகிறது. தூரிகையால் நாமே பூசியதில் கறை நிற்கும். அத்தகைய தகட்டுக்கு, ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குமிழியின்றி ஒட்டுவது போதுமானது, 4 மி.மீ. கண்ணாடி வைத்தால் எழுத்து அழகாக அழியும், சாதாரண காந்தம்தான் நிற்காது. அழியாத மார்க்கரால் யாராவது எழுதிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, ஈரம் காயும் முன் துடைக்க வேண்டும். புதிய மையின் கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும்.