‘ரிங்’: ஒலிக்கும் சொல்லும் வளையச் சொல்லும்

ஆங்கிலத்தில் ‘ரிங்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. மோதிரம், வளையம் என்று பொருள்படுவது பழைய ஆங்கில ‘ஹ்ரிங்’. மணி ஒலிப்பதைச் சொல்வது ‘ஹ்ரிங்கன்’. இது ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த வினை. இறந்தகால வடிவம் இரண்டையும் பிரித்துக் காட்டும். மணி ஒலித்தால் ‘ராங்’, ‘ரங்’. காவலர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தால் ‘ரிங்டு’. அங்கே ‘ராங்’ என்று எழுதினால் வீட்டை வளைத்தவர்கள் மணி அடித்தவர்களாகிவிடுவார்கள். பழைய ஆங்கிலத்தில் மணிச் சொல்லுக்கும் ‘ராங்’ கிடையாது. ‘சிங், சாங், சங்’ என்ற பாட்டுச் சொல்லைப் பார்த்துப் பின்னாளில் அது அப்படி மாறிக்கொண்டது.

இந்த வினையின் உயிர், தட்டிய பிறகும் உலோகம் அதிர்ந்து நீளும் ஓசையில் இருக்கிறது. ஒரு பேச்சு உண்மையாகப் படுகிறது என்பதற்கு ‘ரிங்ஸ் ட்ரூ’ என்பார்கள். நாணயத்தைக் கல்லில் போட்டு ஓசை கேட்ட வழக்கத்திலிருந்து வந்த தொடர் அது. நம்மவர்கள் சுண்டிப் பார்த்ததும் அதே சோதனைதான். நல்ல வெள்ளி ‘கிண்’ என்று நீளும். ஈயம் கலந்தது ‘டொக்’ என்று அடங்கும். விரிசல் விட்ட மணியும் பானையும் நீள ஒலிக்காது. விரிசலின் இரு முகங்களும் உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடுவது வீண். எது ஒலிக்கிறது என்று பார்த்தே வினையைத் தேர வேண்டும். கோயில் மணி ஒலிக்கும், குரல் கணீரென்று இருக்கும், கைதட்டலில் அரங்கம் அதிரும், காது இரையும். யானையின் இருபக்க மணிகள் மாறி மாறி ஒலிப்பதைச் சங்கப் பாட்டு ‘படுமணி இரட்டும்’ என்கிறது. இரட்டுதல் என்ற அருமையான வினையை நாம் கைவிட்டுவிட்டோம். சிலம்புதல் என்றாலும் ஒலித்தல்தான். காலில் அணியும் சிலம்பில் வளையமும் ஒலியும் ஒன்றாகவே இருக்கின்றன. ஓசை ஒற்றுமையைப் பார்த்து ரீங்காரத்தை ‘ரிங்’கோடு முடிச்சுப் போட வேண்டாம். அது ஓங்காரம் போல ‘காரம்’ சேர்ந்த சொல், வண்டுக்கு உரியது.

தொலைபேசிக்கு ‘ரிங்’ வந்தது அதனுள் உண்மையான மணி இருந்ததால். நம் நாட்டுத் தரைவழித் தொலைபேசியில் 0.4 நொடி ஒலி, 0.2 நொடி இடைவெளி, மீண்டும் 0.4 நொடி ஒலி, பிறகு 2 நொடி அமைதி. ‘ட்ரிங் ட்ரிங்’ என்று இரட்டையாகச் சொல்லிப் பழகியது அதனால்தான். ‘ரிங் போகுது, எடுக்கல’ என்பதை எழுத்தில் ‘மணி அடிக்கிறது, எடுக்கவில்லை’ என்றாலே போதும். ‘ரிங்டோன்’ அழைப்பொலி. ‘சிணுங்கியது’ என்பது மெல்லிய ஒலிக்கு மட்டும் பொருந்தும். அலறும் கைப்பேசியைச் சிணுங்க வைக்கக் கூடாது. ‘ரிங்ஸ் எ பெல்’ என்று வந்தால் மணியை மறந்துவிட்டு, ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது’ என்று எழுதுங்கள்.