ஏற்காட்டு வளைவுகளில் எடுபடாத வாந்தி மாத்திரை

சேலத்திலிருந்து அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோடை விழாக் காலத்தில் அந்தச் சாலையில் செல்லும் பேருந்துகளில், எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி வருவோரையும், வீட்டில் மிச்சமிருந்த ஒன்டன்செட்ரான் மாத்திரையைப் புறப்படும் முன்பே விழுங்கிவிட்டு வருவோரையும் காணலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோடு வாந்தியும் வந்தபோது மருத்துவர் எழுதித் தந்து, ஒரே வேளையில் வாந்தியை நிறுத்திக் காட்டிய அதே மருந்துதான் அது. மலைப்பாதையில் மட்டும் அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. இதில் மருந்தின்மேல் குற்றமில்லை; வாந்தி பார்வைக்கு ஒன்றேயானாலும், அதைத் தூண்டும் ஏற்பிகள், அதாவது வேதிச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் செல் புரதங்கள், இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. ஒன்டன்செட்ரான் அடைப்பது, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்கு உரிய ஒரே ஒரு வகை ஏற்பியை மட்டுமே.

செரட்டோனின் என்றதும் மனநிலை, மகிழ்ச்சி என்றுதான் பலருக்கும் நினைவு வருகிறது. ஆனால் உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் அதைக் குடல் சுவரின் செல்களில்தான் முதலில் கண்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவரும், இரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளாக அதை இரத்தச் சீரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். பாலூட்டிகளின் மூளையிலும் அது உண்டு என்று பெட்டி ட்வாராக் 1953இல்தான் காட்டினார். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து இரண்டே வேதிவினைகளில் உருவாகும் இச்சிறு மூலக்கூறு, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் தாண்டுவதில்லை. வாழைப்பழத்தில் செரட்டோனின் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நேரே மூளைக்குப் போய் மனத்தை மகிழ்விக்கிறது என்பது வாட்ஸ்அப்பில் உலவும் கதை.

செல்லின் வெளிப்புறத்தில் வந்து சேரும் செரட்டோனினுக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பது செல் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிப் புரதமே. இந்த ஏற்பிகள் ஒரே வகையல்ல என்ற ஐயம் 1957இலேயே உறுதிப்பட்டது. கேடம், பிக்காரெல்லி ஆகிய இருவரும் கினிப் பன்றியின் குடல் துண்டில் செரட்டோனினைச் சேர்த்தபோது குடல் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதியை மார்ஃபின் தடுத்தது. மீதியை டைபென்சிலின் என்ற வேறொரு மருந்து தடுத்தது. ஒரே பொருள் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. இன்று மனித உடலில் 7 குடும்பங்களாக 14 வகை ஏற்பிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் 5-எச்டி3 என்ற குடும்பம் (5-எச்டி என்பது செரட்டோனினின் வேதிப்பெயரின் சுருக்கம்) மட்டும் பிற ஆறு குடும்பங்களோடு எந்த உறவும் இல்லாத, முற்றிலும் வேறான கட்டமைப்புக் கொண்டது. வாந்தி மாத்திரையின் இலக்கு அதுதான்.

கிணற்றைச் சுற்றி நெருக்கமாக நட்ட ஐந்து தூண்களைப் போல, 5-எச்டி3 ஏற்பியில் ஐந்து புரதத் துணையலகுகள் நடுவில் ஒரு துளையை விட்டு வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொரு துணையலகின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீண்டிருக்கிறது. அதன் கீழே நான்கு சுருள்கள் சவ்வை ஊடுருவிச் செல்கின்றன. அந்த நான்கில் இரண்டாவது சுருளே துளையின் உட்சுவராக அமைகிறது. செரட்டோனின் வந்து அமரும் குழி, அடுத்தடுத்த இரண்டு துணையலகுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வெளிப்பகுதியில் இருக்கிறது. நேர்மின் சுமை கொண்ட செரட்டோனினின் அமீன் முனை, அக்குழியிலுள்ள டிரிப்டோபானின் வளையத்தால் ஈர்க்கப்பட்டு நிலைகொள்கிறது. எந்த அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனின் பிறந்ததோ, அதே அமினோ அமிலம் ஏற்பிக்குள் இருந்து அதைப் பிடித்துக்கொள்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

செரட்டோனின் அமர்ந்ததும் வெளிப்பகுதி சற்றே முறுக்கிக்கொள்ள, அந்த அசைவு கீழே சவ்வுப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, துளையின் குறுகலான இடத்தில் நீரை விலக்கி அடைத்துக்கொண்டிருந்த உட்சுவர்ச் சுருள்கள் விலகுகின்றன. உடனே சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. இவை அனைத்தும் சில மில்லி நொடிகளில் முடிந்து, நரம்புச் செல் மின் துடிப்பை அனுப்பிவிடுகிறது. இடையில் வேறு தூதுவர் எவரும் இல்லை. சுண்டெலியின் இந்த ஏற்பியை எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியே அணு அளவில் பார்த்த முதல் படம் 2014இல் வெளியானது.

இனி வாந்திக்கு வருவோம். தட்டுவடை செட்டில் சேர்ந்த பழைய சட்னியிலிருந்த நச்சோ, ரோட்டா வைரஸோ, புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் மருந்தோ குடல் சுவரைத் தாக்கும்போது, அங்குள்ள என்டரோகுரோமாஃபின் செல்கள் செரட்டோனினை வெளிவிடுகின்றன. குடலை மூளைத்தண்டோடு இணைத்து, அருகிலேயே முடிவடையும் வேகஸ் நரம்பின் நுனிகளில் 5-எச்டி3 ஏற்பிகள் செறிந்துள்ளன. துளைகள் திறக்கின்றன, செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது, வயிறு காலியாகிறது. ஒன்டன்செட்ரான் அதே குழியில் முன்கூட்டியே உட்கார்ந்துகொண்டு, முறுக்கம் நிகழாதபடி தடுத்துவிடுகிறது.

கொண்டை ஊசி வளைவில் நடப்பது வேறு. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உடல் சுழல்கிறது என்கிறது. பேருந்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எல்லாம் அசையாமல் இருக்கிறது என்கிறது. இந்த முரண்பாடு மூளைத்தண்டில் சமநிலையைக் கவனிக்கும் நரம்புச் செல் திரள்கள் வழியே வாந்தி மையத்தை எட்டுகிறது. அந்த வழியில் முதன்மையாக வேலை செய்பவை ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியும் அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பியும் ஆகும். குடலிலிருந்து செரட்டோனின் புறப்படவே இல்லாதபோது, அதன் ஏற்பியை அடைத்து என்ன பயன்? ஆகவேதான் பயண வாந்திக்குப் புரோமெத்தசின், ஹயோசின் போன்றவை தரப்படுகின்றன. ஹயோசின் நம் சாலையோர ஊமத்தையிலும் இருக்கிறது. ஆனால் ஊமத்தை உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதால், பாட்டி வைத்தியமாக அதை முயல்வது பற்றி நினைக்கவே கூடாது.

மற்ற ஆறு குடும்பங்களில் துளையே கிடையாது. ஒரே புரத இழை சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கிறது. இந்த ஏழு சுருள்களுக்கு நடுவிலுள்ள குழியில் செரட்டோனின் இறங்கும்போது, மூன்றாம் சுருளிலுள்ள எதிர்மின் சுமை கொண்ட ஆஸ்பார்ட்டிக் அமிலம் அதன் அமீன் முனையைப் பற்றிக்கொள்கிறது. அதன் விளைவாக ஆறாம் சுருளின் கீழ்ப்பகுதி வெளிப்புறமாக நகர, செல்லின் உட்பக்கம் ஒரு பள்ளம் தோன்றுகிறது. ஜி-புரதம் என்ற மூன்று உறுப்புப் புரதம் அதில் பொருந்தி, தான் பிடித்திருந்த குவானோசின் டைபாஸ்பேட்டைக் கைவிட்டு, குவானோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரிந்து செயல்படத் தொடங்குகிறது. ஜி-புரதத்தைக் கண்டறிந்த கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994இலும், இவ்வகை ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்சுக்கும் கோபில்காவுக்கும் 2012இலும் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த ஜி-புரதத்தோடு இணைகிறது என்பதைப் பொறுத்துக் கட்டளை மாறுகிறது. 5-எச்டி4, 6, 7 ஆகியவை செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறின் அளவை உயர்த்துகின்றன. 5-எச்டி1 குடும்பம் அதைக் குறைக்கிறது, 5-எச்டி5 குடும்பமும் அப்படியே. 5-எச்டி2 குடும்பமோ சவ்விலுள்ள ஒரு கொழுப்பைப் பிளக்கும் நொதியைத் தூண்டி, செல்லுக்குள் சேமித்து வைக்கப்பட்ட கால்சியத்தை வெளிவிடச் செய்கிறது. இவை நொடிக்கணக்கில், சில வேளை நிமிடக்கணக்கில் நீடிக்கும் மாற்றங்கள். ஏற்பி தொடர்ந்து தூண்டப்பட்டால் அதன் உட்பகுதியில் பாஸ்பேட் தொகுதிகள் ஒட்டப்படுகின்றன. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஜி-புரதத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பல ஏற்பிகள் சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்கப்படுகின்றன.

இப்படி ஏற்பிகள் ஓய்ந்துபோவதற்கும், மூளையில் செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தர ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பதற்கும் தொடர்பு இருக்கலாம். செரட்டோனினை வெளிவிடும் நரம்புச் செல்களின் மேலேயே 5-எச்டி1ஏ ஏற்பிகள் இருந்து, செரட்டோனின் கூடினால் அச்செல்களை அடக்குகின்றன. மருந்து தொடங்கிய நாள்களில் இந்த அடக்குமுறை மருந்தின் வேலையைக் குறைக்கிறது என்றும், அந்த ஏற்பிகள் மெல்ல உணர்விழந்த பிறகே முழுப் பலன் தெரிகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. பாதியில் மாத்திரையை நிறுத்துவோரிடம் மருத்துவர்கள் பொறுமை காட்டச் சொல்வதற்கு இது ஒரு நியாயம்.

ஒரு வகையைக் குறிவைத்த மருந்து பக்கத்து வகையையும் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபென்ஃப்ளூரமினைக் காட்டலாம். பசியைக் குறைத்து உடல் எடையைக் குறைக்கப் பயன்பட்ட அம்மருந்து, உடலுக்குள் மாற்றமடைந்து இதய வால்வுச் செல்களிலுள்ள 5-எச்டி2பி ஏற்பிகளைத் தூண்டியது. அச்செல்கள் பெருகி வால்வு தடித்தது. 1997இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன்பின், புதிய மருந்துகள் 5-எச்டி2பி ஏற்பியைத் தூண்டுகின்றனவா என்று முன்கூட்டியே சோதிப்பது வழக்கமாயிற்று. 2020இல் அதே ஃபென்ஃப்ளூரமின், குழந்தைகளுக்கு வரும் டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய்க்காகக் குறைந்த அளவில் அமெரிக்காவில் மீண்டும் ஒப்புதல் பெற்றது. அதை எடுத்துக்கொள்வோருக்கு மருந்து தொடங்கும் முன்பும், எடுக்கும் காலத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் எக்கோ பரிசோதனை செய்து வால்வுகளைப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒப்புதலின் நிபந்தனை.