மென்டர்: வழிகாட்டியா, வழித்துணையா?

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் வாயில் புழங்க ஆரம்பித்துவிடுகிற சொல் மென்டர். "உன் மென்டர் யாரு", "மென்டர் மீட்டிங் எப்ப", "ரெக்கார்டுல மென்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டியா" என்று ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் சர்வசாதாரணமாகக் கேட்கலாம். முன்பெல்லாம் டியூட்டர் என்பார்கள், டியூட்டர் வார்டு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்கிற நாக் அமைப்பு ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்கள் என்று கணக்குக் கேட்கத் தொடங்கிய பிறகு எல்லா இடத்திலும் மென்டர் ஆகிவிட்டது. பெயர் மாறியது சரி. அந்தச் சொல் என்ன வேலையைச் சொல்கிறது என்பதுதான் பல பேருக்குத் தெரியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒரு வழியில் போய்ப் பழகியவர், அதே வழியில் இப்போது கால் வைக்கிற இளையவரோடு கொஞ்ச காலம் கூடவே இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, கேட்கத் தெரியாததையும் எடுத்துச் சொல்லி, தவறும்போது கண்டித்து, அவர் தானாக நடக்கும் வரை துணை நிற்பது. பாடம் நடத்துவது இதில் கட்டாயமில்லை. மதிப்பெண் போடுகிற அதிகாரம் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது என்பேன், ஏனென்றால் இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்தப் பிள்ளையும் "வகுப்பில் நடத்துற இங்கிலீஷ் எனக்குப் புரியல" என்று மனம் திறந்து சொல்லாது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிசியில், டிராய் போருக்குப் புறப்படும் ஒடிசியஸ் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போன நண்பர்தான் மென்டர். போனவர் திரும்ப இருபது வருஷம் ஆகிறது. கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் டெலிமாக்கஸ் வளர்ந்து, அப்பாவைப் பற்றி விசாரிக்கக் கப்பலேறும்போது, அதீனா என்ற பெண் தெய்வம் அந்த மென்டரின் உருவத்தில் வந்து பயணத்துக்கு ஏற்பாடு செய்து, கூடவே ஏறிக்கொள்கிறாள். விசாரிக்க வேண்டிய முதிய அரசர் நெஸ்டரின் ஊரான பைலோஸ் கரையில் இறங்கியதும் பையனுக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பெரியவர் முன்னால் நான் எப்படிப் போய் நிற்பேன், எனக்குப் பேசிப் பழக்கமில்லை, சின்னவன் பெரியவரைக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறதே என்கிறான். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். போனஃபைடு சான்றிதழுக்கான கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, துறைத்தலைவர் அறை வாசலில் நின்று, மடிப்பு வியர்வையில் ஊறிக் கிழிகிற வரைக்கும் நின்று, உள்ளே போகாமலே திரும்பிவிடுகிற முதலாமாண்டுப் பிள்ளைக்கும் அதே கூச்சம்தான். அதீனா அவனுக்குப் பதிலாகப் போய்ப் பேசிவிடவில்லை. சொல்ல வேண்டியதில் கொஞ்சம் உனக்கே தோன்றும், மிச்சத்தைத் தெய்வம் தோன்ற வைக்கும் என்று தைரியம் சொல்லி முன்னால் நடந்தாள். பேசியது அவன்தான்.

இந்த ஆள்பெயர் பொதுச்சொல் ஆனதற்கு ஒரு பிரெஞ்சுப் பேராயர் காரணம். பதினான்காம் லூயி மன்னரின் பேரனுக்கு ஆசிரியராக இருந்த ஃபெனலோன், டெலிமாக்கஸின் பயணத்தை விரித்து எழுதிய கதை 1699-இல் வெளியானது. அதில் மென்டர்தான் பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை சொல்கிறார். ஐரோப்பா முழுக்க அதை வாசித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் மென்டர் என்றால் யோசனை சொல்லும் மூத்தவர் என்று ஆகிவிட்டது. வேரைத் தேடிப் போனால் 'மென்', அதாவது நினைத்தல் என்ற பழைய வேர் என்கிறார்கள் மொழியறிஞர்கள். வடமொழியின் மந்திரம், மந்திரி எல்லாம் இதே குடும்பம். லத்தீன் வழி வந்த, வகுப்புத் தலைவரைக் குறிக்கிற மானிட்டரும் அப்படித்தான்.

மானிட்டர் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இங்கே பழைய வழக்கம். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை 1789-இலிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஆக, மூத்த மாணவர் இளைய மாணவருக்கு மென்டராக இருப்பதை ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் எழுதுவது வழிகாட்டி. நல்ல சொல்தான், ஆனால் ராமேஸ்வரத்தில் வழிகாட்டி என்றால் யாத்திரை வருகிறவர்களைக் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் கூட்டிப்போகிறவர். தவிர, வழியைக் காட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவரும் வழிகாட்டிதான். நெறியாளர் என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கும் தொலைக்காட்சி விவாதத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். கவுன்சிலிங் என்ற சொல்லோ நம் வீடுகளில் சீட் வாங்கப் போகிற கலந்தாய்வு என்றே பதிந்துவிட்டது, அதனால் மனம் நொந்திருக்கிற ஒரு பிள்ளையிடம் "கவுன்சிலிங் போ" என்றால் பாதி விளங்காது. அந்த மனநலப் பணிக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றும் ஆளை ஆற்றுப்படுத்துநர் என்றும் எழுதுகிறார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை, மென்டர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு பிள்ளை வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், தனியே விடாமல் கூட இருந்து, 14416 அல்லது 104 உதவி எண்ணுக்குப் பேச வைத்து, மருத்துவரிடம் சேர்ப்பதுதான் அவர் செய்ய வேண்டியது.

ஆனால் ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லின் பழைய பொருள், மென்டருக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள்தான். திருமுருகாற்றுப்படை தவிர மற்றவற்றில் பேசுபவர் அரசரோ ஆசிரியரோ கிடையாது, நேற்று வரைக்கும் பசியோடு அலைந்து, ஒரு வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்புகிற பாணரோ பொருநரோ கூத்தரோதான். எதிரில் வருகிற இன்னொரு ஏழைக் கலைஞரை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார் என்கிறார். தொல்காப்பியம் இதை "பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ" என்று சொல்கிறது. பெற்றவர் பெறாதவருக்கு எடுத்துச் சொல்வது, அவ்வளவுதான். அதுவும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வழியாக அனுப்பும்போது, அங்கே பரதவர் உனக்குத் தேறல் (தெளிந்த கள்) கொடுப்பார்கள், காய்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள் என்று சாப்பாடு வரைக்கும் சொல்லி அனுப்புகிறது. நல்ல மென்டர் பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும். "நன்றாகப் படி, முன்னேறு" என்பதை எல்லோரும் சொல்வார்கள். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல், அரியர் விழுந்தால் எப்போது கட்டணம் கட்டுவது, இதையெல்லாம் போன வருஷம் அலைந்தவர்தான் சொல்ல முடியும்.

இந்தக் கரையில் இதற்கு இன்னொரு சொல்லும் கிடந்தது. மாலுமி என்கிறோமே, அது அரபியின் முஅல்லிம், அதாவது கற்றுக்கொடுப்பவர். இந்தியப் பெருங்கடலில் ஓடிய மரக்கலங்களில் வழியறிந்து கப்பலைச் செலுத்தியவரை அப்படித்தான் அழைத்தார்கள், அதுவே தமிழில் மாலுமி ஆனது. கற்றுக்கொடுப்பவரும் அதே கப்பலில்தான் வந்தார்.

ஆள் உதாரணம் வேண்டுமென்றால் ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. அப்துல் கலாமின் சின்ன வயதில் அவரோடு நடந்து பேசி, தீவுக்கு வெளியே இருக்கிற அறிவியலையும் படித்த மனிதர்களையும் பற்றிச் சொன்னவர், அவரைவிடப் பதினைந்து வயது மூத்த அகமது ஜலாலுதீன், பிற்பாடு அக்கா ஜொகராவை மணந்தவர். அவரே அதிகம் படித்தவரில்லை. குடும்ப நிலைமை விடவில்லை. ஆனால் தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர்தான் என்பதால் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுப்பார் என்று கலாம் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் வைத்து நான் சொல்கிற தமிழ்ச்சொல் வழித்துணை. ஆளைக் குறிக்க வழித்துணைவர். புதிதாகச் செய்த சொல் இல்லை, விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். 'துணை' என்பதில் செல்லம் மட்டும் இல்லை, "இடிக்குந் துணையாரை" என்று வள்ளுவர் சொன்ன கண்டிப்பும் இருக்கிறது. மென்டரின் துணையைப் பெறுகிறவரைச் சொல்லும் மென்டி என்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம், இளையவர் என்றால் போதும். பேச்சில் எப்படியும் பிள்ளைகள் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், கீழக்கரை வீட்டுப் பிள்ளை காக்கா, லாத்தா என்று கூப்பிடும்.

அடுத்து, இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் சப்போர்ட் குரூப். ஒரே மாதிரிச் சிக்கல் உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் குழு. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியை விட நினைத்தவர்கள் தொடங்கிய அமைப்பு இதற்குப் பெரிய முன்மாதிரி. ஆதரவுக் குழு என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆதரவற்றோர் இல்லம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்தப் பெயருள்ள அறைக்குள் வரத் தயங்கும். துணைக்குழு என்றாலோ கமிட்டிக்குள் கமிட்டி என்று அர்த்தமாகிவிடும். உறுதுணைக் குழு என்று சொல்லலாம். குழு என்பது நம் வீடுகளுக்குப் பழகிய சொல்லும்கூட. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் ராமநாதபுரத்துக்கும் வந்துவிட்டது, "குழுவுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லாத அம்மா இந்தக் கரையில் குறைவு.

பல பின்புலத்து மாணவர்கள் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதை இங்கே ஒரே வகுப்பறையில் பார்க்கலாம். நாட்டுப்படகு வீட்டுப் பையன், பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிற அம்மாவின் மகள், சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி வீட்டுப் பிள்ளை, மண்டபம் முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. எல்லோருக்கும் ஒரே அறிவுரை செல்லாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும், அப்பா போனோடு கடலில் இருப்பார், டவர் கிடையாது, கடைசித் தேதி அன்றைக்கே முடியும். முகாம் பிள்ளைக்குக் காகிதங்களே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வேலையை நம்பிய வீட்டில் காசு புரளாது, அடுத்த ஆண்டுக் கட்டணம் அதை ஒட்டியே வந்து நிற்கும். அப்போது "ஏன் இன்னும் கட்டல" என்று கேட்காமல், தவணை கேட்டுக் கடிதம் எழுத உதவுகிறவர்தான் வழித்துணை.

கல்லூரியில் அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு: "முதலாமாண்டு வழித்துணைத் திட்டம்", "உறுதுணைக் குழுக் கூட்டம்" என்று எழுதுங்கள், பழகிவிடும். அப்புறம், கூட்டத்தை வகுப்பு முடிந்த பிறகு வைக்காதீர்கள். மூக்கையூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் போகிற பிள்ளைகள் பேருந்தை விட்டால் இருட்டிய பிறகுதான் வீடு சேர முடியும், அதனாலேயே வராமல் போவார்கள். மதிய இடைவேளையில் வையுங்கள், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.