பாசி: நிறத்தால் வந்த பெயர்

பச்சை நிறத்தைக் குறிக்கும் 'பசு' என்னும் வேரிலிருந்து பசுமை, பச்சை, பசலை (காதலரைப் பிரிந்த மகளிர் மேனியில் படரும் நிற வேறுபாடு) ஆகிய சொற்களோடு 'பாசி'யும் பிறந்தது. பாசிப்பயறு, பாசிமணி என்பவற்றில் இன்றும் அந்நிறமே பெயராக நிற்கிறது. எனவே குளத்து நீரில் பசுமையாகப் படர்ந்த எதையும் பாசி என்று அழைத்ததில் பிழை ஏதுமில்லை. அது தோற்றம் பற்றிய பெயரே அன்றி இனம் பற்றிய பெயர் அன்று.

குறுந்தொகையின் 399ஆம் பாடலில், ஊரார் நீருண்ணும் கேணித்துறையில் திரண்ட பாசியைப் பரணர் பசலைக்கு உவமையாக்குகிறார். தொடுந்தோறும் விலகி, கையை எடுத்ததும் மீண்டும் பரவும் அந்தப் பாசி, இழையிழையாகப் பின்னிக் கிடக்கும் வகையாக இருக்க முடியாது, ஏனெனில் அது விலகாமல் விரலோடு சுருண்டு வரும். லெம்னா போன்ற, ஒன்றோடொன்று பின்னாத சிறு மிதவைச் செடியையே புலவர் கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. லெம்னாவோ பூக்கும் தாவரம். அதன் ஒவ்வொரு துணுக்கின் அடியிலும் ஒரே ஒரு வேர் நூல்போலத் தொங்கும்.

வேரும் பூவும் இல்லாத எளிய உயிரினங்களைக் குறிக்கும் 'ஆல்கா' என்ற இலத்தீன் சொல்லுக்கு நேராகப் பாசி என்பதை அறிவியல் தமிழ் ஏற்றபோதுதான் குழப்பம் தொடங்கியது. வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா ஆல்கா அன்று. அதன் தண்டை நீரிலிருந்து எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக அமைந்த இலைகளும், அவற்றின் விளிம்பில் நுண்ணிய பற்களும், நடுவே ஒரு நரம்பும் தெரியும். மண்ணில் வேரூன்றுவதும் பூப்பதும் அதற்கு உண்டு. இதற்கு நேர்மாறாகக் காரா என்பது கணுவும் வட்டக் கிளைகளும் கொண்டு செடிபோலவே தோன்றினாலும், வேரோ பூவோ இல்லாத உண்மையான ஆல்கா ஆகும். சுண்ணாம்பு படிந்திருப்பதால் விரலிடையே தேய்த்தால் நறநறக்கும், பூண்டை நினைவூட்டும் நெடியும் எழும். ஸ்பைரோகைரா என்னும் ஆல்காவை இனங்காண்பதில் இவ்வளவு சிரமமில்லை: இலையும் தண்டும் இல்லாத வழவழப்பான இழை.

ஆல்காவுக்குப் பாசி என்ற சொல்லே போதும். புதிதாக எதையும் புனைய வேண்டியதில்லை. ஹைட்ரில்லா போன்றவற்றை மட்டும் விளக்கநடையில் 'நீரில் மூழ்கி வளரும் செடி' என்று குறித்து, வேலம்பாசி என்னும் வழக்குப்பெயரையும் உடன் எழுதலாம்.