மண்வள அட்டை: மாதிரி யாருடைய வயலில் எடுத்தது?

வயல் மண்ணைச் சோதித்து, அதிலுள்ள சத்துகளையும் போட வேண்டிய உரத்தையும் குறித்துத் தரும் மண்வள அட்டை கைக்கு வந்ததும் எல்லோரும் உரப் பரிந்துரைக்குத்தான் தாவுகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது, மாதிரி எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை.

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்டது. 2022-23 முதல் ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனா என்ற தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் ஓர் அங்கமாக நடக்கிறது. நாட்டின் ஒவ்வொரு வயலையும் தனித்தனியே சோதிப்பது ஆகாத காரியம் என்பதால், ஆரம்பத்தில் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்தார்கள்: பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அந்தக் கட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த அனைவருக்கும் ஒரே முடிவுதான் அச்சாகி வந்தது. 2.5 ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். ஓர் ஏக்கர்காரரின் பழைய அட்டையில் இருப்பது பக்கத்து வயலின் எண்ணாகவும் இருக்கலாம். 2023 முதல் கைபேசிச் செயலி வழியாக மாதிரி எடுக்கிறார்கள். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை தானாகவே பதிவாகிவிடும்.

ஆகவே மாதிரி எடுக்க ஆள் வரும்போது உடன் நில்லுங்கள். அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரமிடும் முன்பு எடுப்பதே சரி. வரப்போரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 'வி' வடிவில் சுமார் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வயலின் நான்கு மூலை, நடு என்று பல இடங்களில் இப்படி எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அதை உரச் சாக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சோதனையில் மண்ணோடு சாக்கும் பேசும்!

அட்டையில் 12 அளவுகள் இருக்கும். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், இவற்றுடன் கார அமில நிலை (pH), மண்ணின் உப்புத்தன்மையைக் காட்டும் மின் கடத்தும் திறன், மக்கிய பொருள்களிலிருந்து வரும் அங்கக கரிமம். என்னைக் கேட்டால், கடைசி மூன்றிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் மண் சோடியம் மிகுந்து களராகியிருக்கக்கூடும். அத்தகைய மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்கு எட்டாது. முதலில் ஜிப்சம் தேவையா என்று கேட்க வேண்டும். உர மூட்டை அதற்குப் பிறகுதான். அங்கக கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 'குறைவு'. தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இல்லாமல் அது ஏறாது.

பரிந்துரைப் பகுதியில் ஆறு பயிர்கள் வரை உர அளவு இருக்கும். உங்கள் பயிர் அதில் இல்லையென்றால், அந்தப் பயிருக்கான சத்து அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டு நீங்களே கணக்குப் போடலாம். டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஏக்கருக்குத் தழை 20 கிலோ, மணி 10 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். 22 கிலோ டிஏபி போட்டாலே மணிச்சத்து முழுதும் கிடைத்துவிடும், கூடவே 4 கிலோ தழையும் வரும். மிச்சம் 16 கிலோ தழைக்கு 35 கிலோ யூரியா போதும். வழக்கப்படி 50 கிலோ டிஏபி மூட்டையை அப்படியே கொட்டியிருந்தால் மணிச்சத்து 23 கிலோ, அதாவது தேவையைப் போல் இருமடங்குக்கும் மேல்.

அட்டை வேண்டுவோர் வட்டார வேளாண் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அச்சிட்ட அட்டை தொலைந்திருந்தால் திட்டத்தின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். புதியது வந்தவுடன் பழையதைக் கிழித்துப் போடாதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து அங்கக கரிமத்தை ஒப்பிட்டால், போட்ட தொழுவுரத்துக்குப் பலன் கிடைத்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு மாதிரிகளும் ஒரே வயலில் எடுத்தவையாக இருக்க வேண்டும்.