தூர்வாரியாச்சு, பூச்சி வந்ததா?

கோவைக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையிலிருந்து நொய்யல் ஆற்றுக்கு இறங்கும் பள்ளம் ஒன்றில் (ஓடையைத்தான் இங்கே பள்ளம் என்பார்கள்) போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கரையில் ஆடு மேய்த்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மீன் புடிக்கறீங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா, பூச்சி எண்ணீட்டு இருக்கேன்."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

கொடுக்கிறார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால், பிடித்த நேரத்து நிலவரம்தான் தெரியும். முந்தின ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், விடிவதற்குள் அது ஊரைத் தாண்டியிருக்கும். கல்லடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சிகளால் அப்படித் தப்பிக்க முடியாது.

அன்று எடுத்த முதல் கல்லிலேயே மேஃப்ளைக் குஞ்சுகள். அரிசி நீளம், மூன்று வால், வயிற்றோரம் விசிறி மாதிரி ஆடும் செவுள்கள். பக்கத்தில், மணலைப் பசைபோட்டு ஒட்டித் தானே கூடு கட்டிக்கொண்ட காடிஸ்ஃப்ளைப் புழு. இரண்டுமே ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிற ஜாதி.

அப்புறம் அதே பள்ளத்தில் கீழே, சமீபத்தில் "சீரமைத்த" இடத்துக்குப் போனேன். கரை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. இரண்டு பக்கமும் கல் பதித்திருந்தார்கள். தண்ணீரும் தெளிவுதான். ஆனால் திருப்பிப் பார்க்கக் கல் இல்லை; ஜேசிபி அள்ளிவிட்டது. சேற்றை வலையில் அலசினால் சிவப்பாக நெளிந்தவை ரத்தப்புழுக்கள் மட்டும், மீன்தொட்டிக்கு வாங்குவோமே, அவைதான். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் சாக்கடையிலும் சமாளித்துக்கொள்ளும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. எமிலி பெர்ன்ஹார்ட், மார்கரெட் பால்மர் முதலான ஆய்வாளர்கள் 2005-இல் அமெரிக்காவின் 37,000-க்கும் மேற்பட்ட ஆற்றுச் சீரமைப்புத் திட்டங்களைத் தொகுத்தார்கள். வேலை முடிந்தபின் போய்ப் பார்த்ததற்கான குறிப்பு இருந்தது சுமார் 10 சதவீதத்தில்தான். பால்மர் குழு 2010-இல், பாறை போட்டு, வளைவு வெட்டிச் சரிசெய்த 78 திட்டங்களை அலசியது. பூச்சி வகைகள் தெளிவாகக் கூடியிருந்தது இரண்டே இரண்டில்!

வீட்டைக் கட்டிவிட்டால் ஆள் தானாகக் குடிவந்துவிடும் என்ற நினைப்புதான் அங்கே பொய்த்தது. பள்ளத்துக்கு வரும் தண்ணீர் பள்ளத்தில் பிறப்பதில்லை. மேலே காடும் தோட்டமும் இருந்த சரிவில் லேஅவுட்டும் தார் ரோடும் வந்தால், மண்ணுக்குள் இறங்கி மெல்லக் கசிய வேண்டிய மழை ஒரே மணி நேரத்தில் உருண்டு வந்து கல்லையும் பூச்சியையும் வாரிக்கொண்டு போகும். அப்புறம் கோடையில் கசிவே இருக்காது. கரையிலிருந்த நீர்மருதையும் புங்கனையும் வெட்டிவிட்டால் நிழலும் போச்சு, பூச்சிகளுக்குச் சாப்பாடான சருகும் போச்சு.

தூர்வாருவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குப்பை அடைத்தால் அள்ளத்தான் வேண்டும். ஆனால் காசு கொஞ்சம்தான் என்றால் முதலில் சாக்கடை சேரும் வாயை அடைப்பேன், அடுத்து மேட்டில் மழையை மண்ணுக்குள் இறக்க வழி பார்ப்பேன். ஜேசிபி கடைசி.

உங்கள் ஊர் ஓடையை நீங்களே பார்க்கலாம். மழை ஓய்ந்து ஓட்டம் அடங்கியதும் உள்ளங்கை அளவுக் கல் பத்தை எடுத்து, அடியில் மூன்று வாலும் மணல்கூடும் தெரிகிறதா பாருங்கள். பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே, அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி வைத்துவிடுங்கள். முட்டை ஒட்டியிருக்கலாம்.