தொடுகைத் தகைவு

பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறையில் டிராக்டர் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் ஒரு பற்சக்கரத்தை வேஸ்ட் துணியால் துடைத்து நீட்டினார். பல் எதுவும் உடையவில்லை. ஆனால் ஒவ்வொரு பல்லிலும் நடுவுக்குச் சற்றுக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். "அம்மை போட்ட மாதிரி இருக்கு பாருங்க சார்" என்றார்.

இதற்குக் காரணமானதுதான் 'காண்டாக்ட் ஸ்ட்ரெஸ்'. சிலர் இதைத் 'தொடர்பு அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். தொடர்பு போனில் கொள்வது. பல்லுக்கும் பல்லுக்கும் இருப்பது தொடுகை. அழுத்தமோ டயர் காற்றுக்கும் குக்கருக்கும் உரிய சொல். 'மன அழுத்தம்' பரவிய பிறகு, ஸ்ட்ரெஸ் என்றாலே கை தானாக அழுத்தம் என்று எழுதிவிடுகிறது.

பள்ளி இயற்பியலில் இதற்குத் தகைவு என்ற சொல் இருக்கிறது. தகைதல் என்றால் தடுத்தல். வெளிவிசை பொருளை உருக்குலைக்கப் பார்க்கும்போது, பொருள் உள்ளிருந்து தடுத்து நிற்கிறது. அந்தத் தடுப்பு விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு இறுக்குதல் என்று பொருள். நம் சொல் விஷயத்தை இன்னும் நெருங்கிப் பிடிக்கிறது என்பேன்.

சரி, பல்லுக்கு வருவோம். வளைந்த இரு பற்கள் தொடுவது ஒரு கோட்டில்தான். சுமை ஏறியதும் கோடு கொஞ்சம் நசுங்கி மெல்லிய பட்டையாகிறது. இதை 1881-ல் கணக்கிட்டுக் காட்டியவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், ரேடியோவில் கிலோஹெர்ட்ஸ் என்கிறோமே, அவரேதான். அதனால் இதை ஹெர்ட்ஸ் தகைவு என்றும் சொல்வதுண்டு. சுமை கூடினால் பட்டையும் அகலமாவதால், சுமை 4 மடங்கானாலும் தொடுகைத் தகைவு 2 மடங்குதான் ஆகும். பல்லை அடியில் ஒடிக்கப் பார்க்கும் வளைவுத் தகைவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று, உலோகத்தை அடுக்கடுக்காகச் சறுக்கிவிடப் பார்க்கும் நறுக்குத் தகைவு ('ஷியர் ஸ்ட்ரெஸ்') உச்சமாவது பல்லின் மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்று உள்ளே. லட்சக்கணக்கான சுற்றுகளில் அங்கே விரிசல் பிறந்து மேலே வர, துணுக்கு பெயர்ந்து விழுகிறது. இந்த 'பிட்டிங்'கைக் குழியரிப்பு என்றால் துருவேறியதோ என்று தோன்றும். பட்டறையில் சொல்கிற 'குழி விழுறது' போதும்.